செத்திருக்க வேண்டிய கிருமிகள்

இந்த ஆய்வகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'டவுட்டு மேடம்'. நான் காதில் வாங்காதது போலப் போய்விடுவேன், உள்ளுக்குள் பெருமைதான். தரக்கட்டுப்பாட்டில் இருப்பவளை 'நல்ல மேடம்' என்று கூப்பிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் உழைத்தே சம்பாதித்தேன். சேர்ந்த புதிதில் ஒரு குளிரறையின் வெப்பநிலைத் தாளைப் பார்த்தேன். ஒரு மாதம் முழுக்கக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக ஓடியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆட்கள் உள்ளே போய் வரும் அறையில், கதவு திறந்து மூடும் அறையில், கோடு எப்படி நேராக ஓடும்? போய்ப் பார்த்தால் தாளில் கோடு இழுக்கும் கருவியின் பேனா சிக்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அழகான எண்களைக் கண்டால் எனக்கு முதுகு சில்லிடும். நீங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் பயிற்சி வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். சரிதான். ஆனால் சந்தேகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதில் நான் சறுக்கினேன். பணி ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்தபோது, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் சறுக்கினேன். அதைத்தான் இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் ஆலை அப்போது முக்கியமாக வயிற்றுக்கான காப்ஸ்யூல்களைச் செய்துகொண்டிருந்தது. நன்மை செய்யும் பாக்டீரியாவை வளர்த்து, உலர்த்தி, பொடியாக்கி, காப்ஸ்யூலில் அடைப்போம். விழுங்கினால் குடலில் போய் உயிர்பெற வேண்டும். உயிரோடு இருந்தால்தான் சரக்கு. செத்துவிட்டால் வெறும் மாவு. என் ஆய்வகத்தின் வேலை அந்த உயிர்களைத் தட்டில் வளர்த்து, முளைக்கும் புள்ளிகளை எண்ணுவது.

அந்தச் சமயத்தில் நகரத்தில் ஒரு மருத்துவமனை எங்களை அணுகியது. சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்க்க ஓர் ஆய்வு. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கழிவு தேங்கும். அதில் ஒரு பங்கு குடலுக்குள்ளும் கசியும். அங்கே அதைத் தின்னக்கூடிய பாக்டீரியாவைக் குடியேற்றினால், சிறுநீரகத்தின் சுமையில் கொஞ்சத்தைக் குடல் வாங்கிக்கொள்ளுமே என்பது யோசனை. யோசனை என்றுதான் சொல்கிறேன். எங்கள் விற்பனைப் பிரிவில் இருந்தவர்கள் அப்போதே அதை மருந்து என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். டயாலிசிஸே வேண்டாம் என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். "யாருக்கு வேண்டாம்? பெயரைச் சொல்லுங்க" என்று கேட்டேன். டவுட்டு மேடம் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஆய்வுக்காகத் தனியாக ஒரு தொகுதி காப்ஸ்யூல் செய்தோம். மூன்று வகை பாக்டீரியாவின் கலவை. இரண்டு வகையை நாங்களே வளர்த்தோம். கலவையில் பெரும்பங்கான மூன்றாவதைப் பொடியாக வெளியே ஒரு நிறுவனத்திடம் வாங்கினோம். புட்டிகளில் அடைத்துக் குளிரறையில் வைத்தாயிற்று. மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஜெனரேட்டரை வளர்ப்புத் தொட்டிகளுக்குத் திருப்பினார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் குளிரறைக்கு மின்சாரம் போகவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறந்தபோது முகத்தில் அனல் அடித்தது. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு நாள். வெளியே வெயிலில் நிற்பதற்கும் உள்ளே நிற்பதற்கும் வித்தியாசமே இல்லை.

உற்பத்தி மேலாளர் பாஸ்கர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். சூளூர்ப்பேட்டைக்காரர், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"போச்சாம்மா எல்லாம்?"

"எல்லாம் போயிருக்காது. ஒரு பங்காவது செத்திருக்கும். எண்ணிப் பார்க்கலாம்."

எண்ணுவது எஸ்தரின் வேலை. முப்பத்துநான்கு வயது. கும்மிடிப்பூண்டியிலேயே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. அப்பாவும் அம்மாவும் ஆரணிப் பக்கம் வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். எஸ்தர் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, இரண்டு கம்பெனிகளில் புட்டி கழுவும் வேலை பார்த்து, பிறகு எங்களிடம் வந்தவள். கை அவ்வளவு சுத்தம். அவள் போட்ட தட்டுகளில் வேறெதுவும் முளைத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அவளைப் பற்றி என் மனதில் ஒரு குறிப்பு இருந்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால், நடைபாதையில் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"மேடம், நம்ம கேப்சூலு ஆஸ்பத்திரிக்கு எப்போ போவுது?"

"ஏன் கேக்கற?"

"தம்பி பேரு லிஸ்ட்ல கீது மேடம். காட்டுப்பள்ளி ஹார்பருல கான்ட்ராக்ட் வேலையில இருந்தானே, அவன்தான். ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. டாக்டரு சேத்துக்கறேன்னு சொல்லிக்கினாரு."

"போகும்போது போகும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்த நிமிடமே நான் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. தம்பி அந்த ஆய்வில் இருக்கிறான் என்றால், அக்கா அந்தத் தொகுதியைச் சோதிக்கக் கூடாது. அதை அவளிடமே சொல்லி, எழுதி வைத்து, வேறொருவருக்கு மாற்றியிருக்கலாம். அவளுக்கு அதில் அவமானம் எதுவும் இல்லை. டாக்டர்கள் தங்கள் வீட்டாருக்கு அறுவை சிகிச்சை செய்யாமல் இருப்பது போல. நான் அதைச் செய்யவில்லை. அவள் சொன்னதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், பிறகு உதவும் என்பது போல.

வியாழக்கிழமை எஸ்தர் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எண்ணிக்கை குறையவே இல்லை. அனலில் இரண்டு நாள் கிடந்த காப்ஸ்யூலில், அடைத்த அன்று இருந்த அதே அளவு உயிர்.

செய்தி என் அறையிலிருந்து எப்படிப் போனதோ, பத்து நிமிடத்தில் பாஸ்கர் வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம சரக்கு இரும்பும்மா! செவ்வாய்க்கிழமை வண்டி வருது. புதன்கிழமை பேஷன்ட்டுங்கள வரச் சொல்லிட்டாங்க ஆஸ்பத்திரியில. கையெழுத்து போட்டுடுங்க, நான் ரெடி பண்ணிடறேன்."

"செத்திருக்கணுமே பாஸ்கர்."

"சாவலியேம்மா! அதுக்கு நாம இன்னா பண்றது? துக்கம் கொண்டாடறதா?"

அவர் போனபின் எஸ்தரைக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "மேடம், ஒண்ணு சொல்லணும், அந்த பிளேட்டுல..." நான் கையைக் காட்டி நிறுத்தினேன். என் மனதில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. தம்பிக்காக அவள் இந்தத் தொகுதி போக வேண்டுமென்று விரும்புகிறாள். எண்ணிக்கை போதாமல் இருந்திருக்கும். பழைய எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

"எஸ்தர், நீ எண்ணினியா, இல்ல எழுதினியா?"

அவளுக்கு உடனே புரியவில்லை. "இன்னா மேடம் கேக்கறீங்க?" என்றாள். பிறகு புரிந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கைகளை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தட்டு எல்லாத்தையும் வச்சிக்கினுதான் இருக்கேன் மேடம். கொட்டல. நீங்களே எண்ணுங்க."

போய் எண்ணினேன். அவள் எதிரில் நிற்க, விளக்குக்கு மேல் தட்டை வைத்து, ஒவ்வொரு புள்ளியாகப் பேனாவால் தொட்டு எண்ணினேன். எனக்கு நூற்று நாற்பத்தாறு வந்தது. அவள் எழுதியிருந்தது நூற்று நாற்பத்தெட்டு. ஓரத்தில் இரண்டை நான்தான் விட்டிருந்தேன்.

அங்கே நிறுத்தியிருந்தால் ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். ஆனால் சந்தேகத்தில் ஒரு ருசி இருக்கிறது. ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தட்டச் சொல்லும். எண்ணியது உண்மை என்றால், எண்ணப்பட்ட காப்ஸ்யூல் எது? ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம் எடுத்து ஆய்வகக் குளிர்பெட்டியில் தனியாக வைப்போம். அதுவும் தொட்டிகளைப் போல ஜெனரேட்டர் இணைப்பில் இருந்தது; அனல் படாதது. அதிலிருந்து எடுத்துத் தட்டுப் போட்டுவிட்டாளோ?

"எந்தப் புட்டியிலிருந்து எடுத்த?"

"குளிர் ரூமுலருந்து. ரிஜிஸ்டர்ல எழுதிக்கீறேன்."

"யார் பார்த்தாங்க?"

அவள் குளிர்பெட்டிச் சாவியைக் கழுத்து அட்டையிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். நான் கேட்கவே இல்லை. கேட்கப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று மதியமே அவளை பேக்கிங் கூடத்துக்கு அனுப்பினேன். புட்டிகளுக்கு லேபிள் சரிபார்க்கும் வேலை. அங்கே நாற்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் அவள் காலனிக்காரர்கள். ஆய்வகத்து வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் வரிசையில் போய் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். காரணம் என்னவென்று நான் சொல்லவில்லை. சொல்லாததால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவற்றில் திருட்டும் ஒன்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுபடி எண்ணுவதற்கு சுரேஷை அழைத்தேன். என்னைப் போலவே செவ்வாப்பேட்டைக்காரர், தினமும் ஒரே கம்பெனி வேனில் வருவோம். எஸ்தரைவிட ஆறு வயது சின்னவர். அவரை நான் 'வாங்க சுரேஷ்' என்பேன். எஸ்தரை 'வா, போ'. அப்போது இது எனக்கு உறைக்கவே இல்லை. குளிரறையிலிருந்து புட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன், அவர் தட்டுப் போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். தட்டுகளை முளைக்க வைக்கும் இன்குபேட்டர் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியவில்லை. ஆலைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று இரண்டு தடவை செருப்பு மாட்டினேன். திங்கட்கிழமை சுரேஷும் நானும் தனித்தனியாக எண்ணினோம்.

அதே எண்ணிக்கை. எஸ்தர் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி.

பாஸ்கர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "அம்மா, இன்னா இது பேஜாரு? ரெண்டு பேரு எண்ணியாச்சு. நீங்களும் எண்ணியாச்சு. பாஸ்னா பாஸ்தானே? ஆஸ்பத்திரியிலருந்து காலையிலருந்து நாலு போன். அந்த பேஷன்ட்டுங்க தூரத்துலருந்து வர்றாங்க, பழவேற்காட்டுலருந்துகூட ஒருத்தரு வராராம். வேணாம்னா ஒரு காரணம் சொல்லுங்க. நானே ஆஸ்பத்திரிக்குப் பேசி நிறுத்தறேன்."

நியாயமான கேள்வி. என்னிடம் காரணம் இல்லை. எண் தேறிவிட்டது. 'செத்திருக்கணும்' என்பதைத் தவிர என் கையில் ஒன்றுமில்லை. அதை ஒரு படிவத்திலும் எழுத முடியாது. "நாலு மணிவரைக்கும் டைம் குடுங்க" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

பேக்கிங் கூடத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. "நாளையிலருந்து லேபுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்று போனேன். எஸ்தர் நகரும் பட்டையில் வரும் புட்டிகளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"சுரேஷ் சாருக்கு இன்னா வந்துச்சு?"

"அதேதான்."

"அப்போ நான் திருடி இல்ல."

அவள் இன்னும் ஐந்தாறு புட்டிகளைப் பார்த்து அனுப்பினாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் தன் இடத்தைக் காட்டிவிட்டு என்னோடு சுவரோரம் வந்தாள்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன் மேடம். நீங்க கைய காட்டி நிறுத்திட்டீங்க. அந்தப் பிளேட்ட தொறந்தா நம்ம வாடை வரல. நம்ம பாக்டீரியான்னா தயிர் மாதிரி புளிச்ச வாடை வரும்ல. இது அது இல்ல. பயிற ஊறப் போட்டு மறந்துட்டா ஒரு வாடை அடிக்குமே, அது."

தட்டுகளை முகரக் கூடாது என்று ஆய்வகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியவள் நான். அவள் அதை நினைத்துக்கொண்டாள் போல. "மோந்து பாக்கல மேடம். மூடிய தொறந்தாலே வந்துச்சு" என்றாள்.

"சுரேஷ் ஒண்ணும் சொல்லலையே?"

"அவருகிட்ட நீங்க எண்ணத்தானே சொன்னீங்க?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என் தம்பிக்குக் கழுத்துல டியூபு போட்டுக் கீது மேடம். கையில ஆபரேஷன் பண்ணது இன்னும் ரெடியாவல, கழுத்து வழியாதான் டயாலிசிஸ் ஓடுது. கொஞ்சம் குளிர் ஜொரம் வந்தாலே எங்க ஊட்டுல யாரும் தூங்கறதில்ல. அவனுக்கு இந்த மருந்து சீக்கிரம் வரணும்னு ஜெபம் பண்ணிக்கினு கெடக்கறோம். ஆனா இதுல இருக்கறது இன்னான்னு தெரியாம அவன் வாயில எப்பிடி போடறது?"

நான்கு நாள் அந்த நீலக் கோட்டோடு நின்றிருக்கிறாள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை வண்டி போயிருக்கும். தம்பி காத்திருந்தது நடந்திருக்கும். நான் அவள்மீது கட்டிய கதை அத்தனையும் அங்கே, லேபிள் ஒட்டும் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் உதிர்ந்தது.

"வா" என்றேன். வெள்ளைக் கோட்டு மாட்டக்கூட நேரம் கொடுக்கவில்லை.

நீங்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்ட சோதனைதான். கண்ணாடித் துண்டில் தட்டிலிருந்து ஒரு புள்ளியைத் தடவி, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுவது. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதேதான். எங்கள் வகை பாக்டீரியாவின் மேல் அது நுரைக்காது. சும்மா தண்ணீர் போலக் கிடக்கும்.

எஸ்தர் சொட்டு விட்டாள். நுரை பொங்கியது. இன்னொரு புள்ளியை எடுத்தோம். நுரைத்தது. பத்தில் எட்டு நுரைத்தன. நுரைத்தவற்றை நுண்ணோக்கியில் பார்த்தால் எங்கள் பாக்டீரியாவின் உருவமே இல்லை. தடித்த குச்சிகள், நடுவில் சாயம் ஏறாத விதை போன்ற உறை. வெயில், அனல், வறட்சி எதற்கும் சாகாத வகை. செத்திருக்க வேண்டியவை செத்துத்தான் இருந்தன. உயிரோடு இருந்தது வேறு ஆள்.

சுரேஷும் பார்த்தார். "வெறும் எண்ணிக்கைன்னு மட்டும்தான் பார்த்தேன் மேடம்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் அப்படித்தான் விளக்குக்கு மேல் வைத்து எண்ணினேன்.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்றாவது பொடி. வெளியே வாங்கியது. எடுத்து வைத்திருந்த மாதிரியை நுண்ணோக்கியில் வைத்தால் முக்கால்வாசி அந்தத் தடித்த குச்சிகள்தான். சாகாத மலிவான கிருமியைக் கலந்துவிட்டால், வழியில் எத்தனை வெயில் பட்டாலும் எண்ணிக்கை குறையாது. எப்போது எண்ணினாலும் தேறும். எத்தனை அழகான எண்!

அந்தப் பொடி ஆய்வகத்தைத் தாண்டி எப்படி வந்தது என்பதற்கும் பதில் கோப்பிலேயே இருந்தது. 'இந்த நிறுவனத்தின் சரக்கை அதன் சான்றிதழின் பேரில் ஏற்கலாம், வகை அறியும் சோதனை தேவையில்லை.' கீழே என் கையெழுத்து. ஒன்றரை வருடத்துக்கு முன் அவர்கள் ஆலையைப் பார்க்கப் போயிருந்தேன். தரை பளபளத்தது. அவர்களுடைய ஆள் அருமையான ஆங்கிலத்தில், என் ஒவ்வொரு கேள்விக்கும் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். கோப்புகள் நிறம் நிறமாக அடுக்கியிருந்தன. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய நான், அன்று ஒரு நாள் ஓய்வெடுத்துக்கொண்டேன்.

அவருக்கு போன் செய்தேன். முதலில் மறுத்தார். உருவத்தைப் படம் பிடித்து அனுப்பியதும் குரல் மாறவில்லை, பேச்சு மாறியது. "மேடம், அதுவும் நல்ல பாக்டீரியாதான். இன்னும் ஸ்ட்ராங். யாருக்கும் எதுவும் ஆகாது."

ஆகாமலும் இருந்திருக்கலாம். அந்தக் கிருமி கெட்டது என்று நான் எங்கும் சொல்லவில்லை. கழுத்தில் குழாயோடு, உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்து இருக்கும் ஒரு மனிதனுக்கு, என்ன கொடுக்கிறோம் என்றே தெரியாமல் உயிருள்ள ஒன்றைக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை என்றுதான் சொல்கிறேன்.

மூன்றரை மணிக்கு பாஸ்கரிடம் போனேன். "காரணம் கெடச்சுது" என்றேன். நுண்ணோக்கியில் அவரையே பார்க்கச் சொன்னேன். பார்த்தார். பிறகு சொன்ன வாக்குப்படி மருத்துவமனைக்கு அவரே போன் செய்தார். இந்தத் தொகுதிக்கு முன்பே அந்தப் பொடியைப் போட்டுச் செய்து கடைகளுக்குப் போயிருந்த வேறு காப்ஸ்யூல்களையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று நான் எழுதியபோது நிர்வாகத்தில் பெரிய சண்டை. "சப்ளையர் தவறு என்று மட்டும் எழுதினால் போதாதா?" என்று கேட்டார்கள். வகை அறியும் சோதனையை நிறுத்தியது யார் என்ற இடத்தில் என் பெயரையும், கண்டுபிடித்தது யார் என்ற இடத்தில் எஸ்தரின் பெயரையும் எழுதினேன். திரும்ப எடுத்தார்கள். ஆய்வு தள்ளிப்போனது.

மறுநாள் எஸ்தர் ஆய்வகத்துக்கு வரவில்லை. பேக்கிங் கூடத்திலேயே நின்றாள். நான் போய்க் கூப்பிட்டேன். என் அறைக்கு வரச் சொன்னேன், பேச வேண்டும் என்று.

"உங்க ரூமுல இன்னா பேசினாலும் எனக்கு மட்டுந்தான் கேக்கும் மேடம்" என்றாள். "எல்லாரும் பாக்கத்தானே இங்க அனுப்புனீங்க?"

ஷிப்டு மாறும் நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். போகிறவர்களும் வருகிறவர்களுமாகக் கூடம் நிறைந்திருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "எஸ்தர் எழுதின கணக்கு சரி. நான்தான் அவங்க மேல தப்பா சந்தேகப்பட்டேன். ஒரு மோசமான சரக்கு நோயாளிங்ககிட்ட போகாம தடுத்ததும் அவங்கதான்." இவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. பின்னால் ஒரு பெண், "இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் சத்தமாகவே. எஸ்தர் நீலக் கோட்டைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டு என்னைத் தாண்டி ஆய்வகத்துக்கு நடந்தாள்.

அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, வேறு இடத்துப் பொடியோடு, ஒவ்வொரு பையையும் சோதித்து, புதிய தொகுதி போனது. அதன் சோதனையில் எஸ்தர் இல்லை. இந்த முறை அவளிடம் காரணம் சொல்லி, எழுதி, முறையாக விலக்கினோம். அவள் தம்பி ஆய்வில் சேர்ந்தான். அவனுக்குக் கிடைத்தது பாக்டீரியா உள்ள காப்ஸ்யூலா, பார்வைக்கு அதே போலிருக்கும் வெறும் மாவா என்பது அவனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதுதான் அந்த ஆய்வின் விதி. கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள், கை வழியாக ஓடுகிறது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் தொடர்கிறது. பாக்டீரியாவால் சிறுநீரக நோயாளிக்குப் பலன் உண்டா என்று என்னைக் கேட்டால், தெரியாது என்பேன். தெரியும் என்று அடித்துச் சொல்பவர்களைக் கண்டால் நீங்கள் தாளைக் கேளுங்கள், தாளைக் காட்டினால் தட்டைக் கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு எஸ்தர் விலகினாள். தடாப் பக்கம் ஒரு ஆலையில் ஆய்வகப் பொறுப்பாளர் வேலை கிடைத்திருந்தது. கடைசி நாள் கேன்டீனில் என் எதிரே டீயோடு வந்து உட்கார்ந்தாள். தம்பியைப் பற்றிப் பேசினோம், புது வேலையைப் பற்றிப் பேசினோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருந்தேன். நான் சேந்த வருஷம் சுரேஷ் சாருக்கு ஒரு தடவ நம்பர் தாறுமாறா வந்துச்சு, ஞாபகம் கீதா?"

ஞாபகம் இருந்தது.

"அவருக்கு நம்பர் தப்பா வந்தப்ப நீங்க தட்டுல ஊத்தற மீடியாவ செக் பண்ணீங்க, இன்குபேட்டர செக் பண்ணீங்க. எனக்கு நம்பர் சரியா வந்தப்ப என்னையே செக் பண்ணீங்க. ஏன் மேடம்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். நான் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அவள் பிறகு எழுந்து, இரண்டு டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லும் தைரியம்தான் இல்லை. உங்களிடம் சொல்கிறேன். சுரேஷ் பொய் எழுதுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எஸ்தர் எழுதுவாள் என்று தோன்றியது. இரண்டுக்கும் என்னிடம் ஓர் ஆதாரமும் இருக்கவில்லை.